மென் எக்ஸ்ரே நுண்ணோக்கி வடிவமைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்ரே பெறும் சிங்க்ரோட்ரானில் மென் எக்ஸ்ரே (ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே) நுண்ணோக்கி கட்ட உட்காருபவர்கள் முதலில் கேட்பது, ‘ஸோன் பிளேட்டின் வெளி வளையம் எத்தனை நானோமீட்டர்?’ என்றுதான். ஸோன் பிளேட் என்பது நுண்ணிய வளையங்களால் எக்ஸ்ரேயைக் குவிக்கும் வில்லை; வெளி வளையம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு கூர்மை. நல்ல பிளேட் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். படம் கெடுவது பெரும்பாலும் அதைச் சுமந்து நகர்த்தும் மேடையில்.

ஸோன் பிளேட்டின் குவியத் தூரம் ஒளியின் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் மாறும். 240 மைக்ரான் விட்டம், 25 நானோமீட்டர் வெளி வளையம் என்று வைத்துக்கொள்வோம். 280 எலக்ட்ரான் வோல்ட்டில் குவியத் தூரம் சுமார் 1.36 மில்லிமீட்டர், 320-ல் 1.55. கார்பன் விளிம்பில் (கார்பனின் உறிஞ்சல் திடீரென ஏறும் ஆற்றலில்) ஒரு நிறமாலை, அதாவது ஆற்றலுக்கேற்ப உறிஞ்சல் எப்படி மாறுகிறது என்ற பதிவு, எடுத்து முடிப்பதற்குள் பிளேட் ஏறக்குறைய 190 மைக்ரான் நகர்ந்தாக வேண்டும். குவிய ஆழமோ முன்னும் பின்னும் 0.3 மைக்ரான்தான். மேடை ஓடும் திசை கற்றையின் அச்சிலிருந்து ஒரு மில்லிரேடியன் சாய்ந்திருந்தால் போதும், புள்ளி 190 நானோமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். ‘அப்புறம் மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம்’ என்பார்கள். ஒவ்வொரு ஆற்றலிலும் எடுத்த படங்களின் அடுக்கு என்றால் சரி, ஒன்றோடொன்று பொருத்திவிடலாம். ஒற்றைப் புள்ளியில் நிறமாலை எடுக்கும்போது எதை வைத்துச் சரிசெய்வது?

இடத்தை நானோமீட்டர் அளவில் அளக்கும் லேசர் இன்டர்ஃபெரோமீட்டர் இருக்கிறதே என்றால், அது எதை அளக்கிறது என்று பாருங்கள். மாதிரியின் இடத்தை அறைச்சுவரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஸோன் பிளேட்டோடு ஒப்பிட வேண்டும். லேசர் கதிரும் குவியப் புள்ளியின் உயரத்திலேயே போக வேண்டும். 10 மில்லிமீட்டர் மேலே போனால், மேடை 10 மைக்ரோரேடியன் ஆடும்போது 100 நானோமீட்டர் பிழை சத்தமில்லாமல் சேரும்.

அடுத்தது இடநெருக்கடி. மேலே சொன்ன பிளேட்டின் நடுமறைப்பு (நடுவில் நேராக வரும் ஒளியைத் தடுக்கும் வட்டு) 90 மைக்ரான் என்றால், வேண்டாத வரிசைகளை (பிளேட் வேறு கோணங்களில் வளைக்கும் கற்றைகளை) தடுக்கும் துளைத்தகடு 280 எலக்ட்ரான் வோல்ட்டில் மாதிரிக்கு அரை மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். திரவக் கலம், சாய்க்கும் பிடிப்பான் எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். இதைக் கடைசியில் யோசித்தால் தகடும் மாதிரியும் முட்டிக்கொள்ளும். வரைபடத்தை மாதிரியிலிருந்து வெளிநோக்கிப் போடுவதுதான் என் கட்சி.

ஒளிப்பிளவை, அதாவது கற்றை நுழையும் இடுக்கை, அகலமாகத் திறந்தால் ஒளி கூடும், ஓரியல்பு (அலைகளின் ஒத்திசைவு) குறையும், கூர்மை போகும். இது பலருக்கும் தெரியும். தெரியாமல் ஏமாறுவது இரண்டாம் வரிசை ஒளியில். வேண்டிய ஆற்றலைப் பிரித்தெடுக்கும் கீற்றணியை 285-க்கு வைத்தால் அதன் இரட்டிப்பான 570 எலக்ட்ரான் வோல்ட்டும் இரண்டாம் வரிசையாகக் கூடவே வரும். கார்பன் அதை அவ்வளவாக உறிஞ்சாது. தடித்த மாதிரியில் நிறமாலையின் உச்சிகள் தட்டையாகிவிடும்; பார்ப்பவர் அதை வேதியியல் மாற்றம் என்று எழுதிவிடுவார். கற்றையின் வழியில் கொஞ்சம் நைட்ரஜன் வாயு வைத்தால் நிலைமை மாறும்: அதன் உறிஞ்சல் விளிம்பு 410-ல் இருப்பதால் 570 நன்றாக அடிபடும், 285 ஓரளவு தப்பிவிடும். இதற்கான வாயு அறையை பீம்லைன் (கற்றை நுண்ணோக்கிக்கு வரும் பாதை) வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள். கட்டி முடித்த வெற்றிடக் குழாயை வெட்டி நுழைக்க யாரும் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள்.