டிலே பெடல் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

டிலே என்பது வாசித்த ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் பெடல். கிட்டாருக்கு அனலாக் டிலேயா டிஜிட்டலா என்று குழம்புகிறவர்கள் முதலில் பாட்டின் வேகத்தைப் பாருங்கள். 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று தெரிந்துவிடும். 120 பிபிஎம் என்றால் 500. அதில் முக்கால் பங்கு, அதாவது 375, துள்ளலான எதிரொலி தரும். பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎம்-2 போன்ற பழைய அனலாக் பெடல் 300 மில்லிசெகண்டைத் தாண்டாது. டிஜிட்டலான டிடி-3 800 வரை போகும்.

ஆனால் அனலாக்கில் சிக்னல் கெபாசிட்டர் வரிசையில் கைமாறிக் கைமாறி, வடிகட்டப்பட்டு வருகிறது. அதனால் ஒவ்வொரு எதிரொலியும் கொஞ்சம் மங்கி, நாம் வாசிக்கும் ஸ்வரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். சோலோவுக்கு அந்த மங்கல்தான் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், கடையில் சோதிக்கும்போது ரிப்பீட் குமிழை (எதிரொலி எத்தனை முறை வர வேண்டும் என்று வைப்பது) பாதிக்கு மேல் திருப்பி, ஒரே ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டுக் காத்திருங்கள். வித்தியாசம் கடைசி எதிரொலிகளில்தான் தெளிவாகக் கேட்கும்.