ஊரில் வீடு இருக்க, துணையின் கவுன்சில் வீட்டை வாங்குவது

கணவர் பெயரில் உப்புவெளியில் ஒரு கல்வீடு. மனைவி லண்டனில் கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். அந்த வீட்டை ‘ரைட் டு பை’ முறையில் (கவுன்சில் எனும் உள்ளூராட்சி சபையின் வாடகைக்காரர், தான் இருக்கும் வீட்டைக் கழிவு விலையில் வாங்கும் திட்டம்) வாங்கலாமா என்று கேட்கும் குடும்பங்கள் திருகோணமலையில் நிறைய. வாங்கலாம். ஊரில் வீடு வைத்திருப்பது அந்த உரிமையைத் தடுக்காது. ஆனால் வரி விஷயத்தில் அதே ஊர் வீடு, கவுன்சில் தரும் விலைக்கழிவு முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். விண்ணப்பம் நிரப்ப முன்னரே இதைக் கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் உரிமை. இந்த முறை இப்போது இங்கிலாந்துக்குரியது. ஸ்கொட்லாந்தில் 2016இலும் வேல்ஸில் 2019இலும் நிறுத்திவிட்டார்கள். வட அயர்லாந்துக்குத் தனித் திட்டம் உண்டு. வாடகைக்காரர் மொத்தமாக 3 வருடம் அரச வாடகை வீட்டில் இருந்திருக்க வேண்டும், இந்த வீடே அவருடைய ஒரே அல்லது பிரதான வதிவிடமாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். வருடத்தில் பாதியை நிலாவெளியில் கழித்துவிட்டு, லண்டன் வீட்டின் அறைகளை வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தால் வீடு வாங்குவது கிடக்கட்டும், இருக்கிற வாடகை உரிமையே போகலாம்.

கணவரையும் சேர்ந்து வாங்குபவராகப் போடலாமா? அவர் அந்த வீட்டிலேயே வசித்தால் போடலாம். சட்டப்படி மணந்த துணைக்கு 12 மாதம் கூட இருந்த கணக்குத் தேவையில்லை. மணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்பவருக்கு அது தேவை. கணவர் இன்னும் திருகோணமலையில்தான் இருக்கிறார் என்றால், அவர் பெயரை விண்ணப்பத்தில் சேர்க்க முடியாது.

இனி வரி. கழிவின் உச்ச வரம்பை 2024 நவம்பர் 21 முதல் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள்; லண்டனின் பெரும்பாலான பகுதிகளில் அது 16,000 பவுண்தான். வீட்டின் பெறுமதி 316,000 பவுண் என்று வைத்துக்கொள்வோம். கழிவு போக விலை 300,000. வாங்குபவர் உலகில் எங்கும் முன்பு வீடு வைத்திராதவர், வேறு சிக்கலும் இல்லை என்றால் ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் வரி) ஒன்றுமில்லை. அந்த ‘முதல் வீட்டுச் சலுகை’ இல்லையென்றால் 5,000 பவுண். இரண்டாவது வீட்டுக்கான மேலதிக 5 வீதமும் விழுந்தால் 20,000 பவுண். கவுன்சில் 16,000 கொடுக்கிறது, வரி 20,000 எடுக்கிறது.

மேலதிக வரிக்கு இங்கிலாந்து வீடுகளை மட்டும் பார்ப்பதில்லை, உலகம் முழுவதையும் பார்க்கிறார்கள். தம்பதியை ஒரே ஆளாகவும் எண்ணுகிறார்கள். மனைவி தன் பெயரில் மட்டும் வாங்கினாலும் கணவரின் உப்புவெளி வீடு கணக்கில் வரும். கணவர் அங்கே, மனைவி இங்கே என்பதைப் பிரிவாக எடுக்கமாட்டார்கள். நிரந்தரமாகப் பிரிந்திருந்தால்தான் வேறு கணக்கு. கோயிலில் தாலி கட்டியதைப் பதியவில்லை, ஆகவே மணமாகாதவர் என்று எழுதலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். இலங்கைச் சட்டத்தில் பதியாத வழக்காற்றுத் திருமணமும் செல்லுபடியாகும்.

எல்லா ஊர்ச் சொத்தும் இதில் விழாது. வெறுங்காணி கணக்கில் இல்லை. அரைகுறையாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீடு கணக்கில் உண்டு. உங்கள் உரித்தின் சந்தைப் பெறுமதி 40,000 பவுணுக்குக் குறைவென்றாலும் கணக்கில் இல்லை. ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்தால் அது 1 கோடியே 60 இலட்சம் ரூபா. மூதூர்ப் பக்கத்து வீடொன்று இதற்குள் அடங்கலாம். நிலாவெளிக் கடற்கரை ஓரத்து வீடு அடங்குவது கடினம். சகோதரர்களோடு பங்கென்றால் உங்கள் பங்கின் பெறுமதியைப் பாருங்கள். வங்கிக் கடனைக் கழித்துக் காட்ட முடியாது. தாய் தகப்பன் இறந்து கடந்த 3 வருடத்துக்குள் மற்றவர்களோடு சேர்ந்து கிடைத்த முதுசமாக இருந்து, உங்கள் இருவரின் பங்கு பாதியைத் தாண்டாவிட்டால் அதற்கும் விலக்கு உண்டு.

பெறுமதியை வாயால் சொல்லாமல், வீடு கைமாறும் நாளை ஒட்டித் திகதியிட்ட அறிக்கையைத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எடுத்து வையுங்கள்.

சீதன வீட்டைப் பலர் மறந்துபோகிறார்கள். தாய் தகப்பன் சீவிய உரித்தை (சாகும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு மகளுக்கு எழுதிய நன்கொடை உறுதி அலுமாரிக்குள் கிடக்கும். அந்த மகள் “எனக்கு வீடு இல்லை” என்று மனதார நம்பிக் கையெழுத்து வைப்பார். முதல் வீட்டுச் சலுகைக்கு நன்கொடையாக, முதுசமாகக் கிடைத்த வீடும் வீடுதான், பெறுமதி எவ்வளவு குறைவாக இருந்தாலும். சீவிய உரித்துள்ள உறுதியும் பெர்மிட் (அரச அனுமதிப்பத்திரக்) காணியில் கட்டிய வீடும் எப்படிக் கணக்கிடப்படும் என்பதை உறவினரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். உறுதியின் பிரதியையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பையும் கொடுத்து, சொலிசிட்டரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மேலதிக வரிக்கும் முதல் வீட்டுச் சலுகைக்கும் கணக்கு வேறு என்பதால் ஒரு நுட்பமும் உண்டு. கணவரின் ஊர் வீடு 40,000 பவுணுக்குக் குறைவு, மனைவி ஒருபோதும் வீடு வைத்திராதவர் என்றால், மனைவி தனியே வாங்குவதே நல்லது. மேலதிக வரியும் இல்லை, முதல் வீட்டுச் சலுகையும் கிடைக்கும். கணவர் பெயரைச் சேர்த்தால் சலுகை போய்விடும். அவருடைய சம்பளம் மோட்கேஜுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் மட்டும் அந்தச் செலவை ஏற்கலாம்.

ஊர் வீட்டை முன்கூட்டியே கைமாற்றினால் மேலதிக வரி விழாது. ஆனால் லண்டன் வீடு கைமாறும் நாள் முடிய முன்னர் அது உண்மையாகவே கைவிட்டுப் போயிருக்க வேண்டும். மனைவிக்கு எழுதினால் பயனில்லை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எழுதினாலும் அது பெற்றோரின் வீடாகவே எண்ணப்படும். தம்பிக்கு எழுதிவிட்டு வாடகையை நீங்களே எடுத்துக்கொண்டிருந்தால், வீடு இன்னும் உங்களுடையது என்றுதான் அர்த்தம். நன்கொடை உறுதியில் பெறுபவர் ஏற்றுக்கொண்டு ஒப்பமிட வேண்டும். பிறகு திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். எழுதிக் கொடுப்பவர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவத்தில் (தனக்காக ஊரில் ஒருவர் ஒப்பமிட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில்) ‘நன்கொடை செய்யும் அதிகாரம்’ தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று நொத்தாரிசிடம் காட்டுங்கள். விற்கும் அதிகாரம் மட்டும் இருந்தால், லண்டனில் நாள் குறித்த பிறகு உறுதி முடியாமல் இழுபடும்.

பின்னர் விற்று வரியைத் திருப்பி எடுக்கலாம் என்று எண்ணுபவர்கள் கவனியுங்கள்: விற்கும் வீடு, லண்டன் வீட்டை வாங்க முந்திய 3 வருடத்துக்குள் உங்கள் பிரதான வதிவிடமாக இருந்திருந்தால்தான் அது நடக்கும். பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அந்த வழி இல்லை.

விண்ணப்ப நடைமுறை நேரானது. ஆர்.டி.பி.1 படிவத்தை வாடகைக்காரர் கவுன்சிலிடம் கொடுக்கிறார். 4 கிழமைக்குள் பதில் வர வேண்டும். அந்தக் கவுன்சிலோடு 3 வருடம் ஆகாவிட்டால் 8 கிழமை. ஒப்புக்கொண்டபின் தனி வீட்டுக்கு 8 கிழமைக்குள், ஃபிளட்டுக்கு 12 கிழமைக்குள் விலை அறிவிப்பு வரும். விலை கூடுதல் என்றால் 3 மாதத்துக்குள் அரச மதிப்பீட்டாளரிடம் மறுமதிப்பீடு கேட்கலாம். ஃபிளட் என்றால் அந்த அறிவிப்பிலுள்ள திருத்த வேலைச் செலவுப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்: கூரை, லிஃப்ட், வெளிச்சுவர் வேலைகளின் உங்கள் பங்கு அங்கே இருக்கும். வாடகை பாக்கி இருந்தால் கவுன்சில் கைமாற்றத்தை நிறுத்திவைக்கலாம்.

அடுத்தது காசு. ஊரிலிருந்து வரும் பணத்தை உண்டியலில் (வங்கி வழியல்லாமல் ஆள்மூலம்) அனுப்பாதீர்கள். சொலிசிட்டருக்குக் காணி விற்ற உறுதி, காசு விழுந்த வங்கிக் கணக்குக் கூற்று, வங்கி அனுப்பிய சீட்டு மூன்றும் தொடர்ச்சியாக வேண்டும். இடையில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் பணத்தை ஏற்க மறுக்கலாம். இலங்கையிலிருந்து பெருந்தொகை வெளியே போக வெளிநாட்டுச் செலாவணி விதிகள் உண்டு. ஆகவே காணியை விற்க முன்னரே வங்கியிடம் வழியைக் கேட்டு வையுங்கள்.

இன்னொரு பொறி: “அண்ணன் காசு தருகிறார், ஐந்து வருடம் கழித்து வீட்டை அவருக்கு எழுதிக் கொடுப்போம்” என்ற உடன்படிக்கை. அப்படி ஒப்பந்தம் செய்தாலே வீட்டை விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். அண்ணனின் காசு நன்கொடையா கடனா என்பதை மோட்கேஜ் வங்கிக்கு உள்ளபடி எழுதிக் கொடுங்கள்.

வாங்கி 1 வருடத்துக்குள் விற்றால் கழிவு முழுவதும், இரண்டாம் வருடத்தில் 80 வீதம், பிறகு 60, 40, 20 என்று திருப்பிக் கட்ட வேண்டும். அதுவும் விற்கும் நாளின் பெறுமதிக்கு ஏற்ற வீதத்தில். 10 வருடத்துக்குள் விற்பதானால் முதலில் கவுன்சிலிடம் கேட்க வேண்டும். ஸ்டாம்ப் டியூட்டிப் படிவமும் பணமும் வீடு கைமாறி 14 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அதைச் சொலிசிட்டர் அனுப்பினாலும், அதிலுள்ள பதில்களுக்குப் பொறுப்பு வாங்குபவருடையது.