தினமும் 48 இலக்கச் சாவி கேட்ட பிட்லாக்கர்: சரிசெய்த விதம்

என் லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு (லினக்ஸ்) என இரண்டு இயங்குதளங்கள். வட்டைக் குறியாக்கிப் பூட்டும் கருவிகளான பிட்லாக்கரால் விண்டோஸும் லக்ஸால் உபுண்டுவும் பூட்டப்பட்டிருக்கின்றன. உபுண்டு போட்ட நாளிலிருந்து, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வழியாக விண்டோஸுக்குப் போனால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அடித்தால் திறக்கும், மறுநாள் மறுபடியும் கேட்கும்.

கிரப்பைத் திரும்ப நிறுவினேன், பலனில்லை. அப்புறம், அனுமதி பெற்ற நிரல்களை மட்டும் பூட் ஆகவிடும் ‘செக்யூர் பூட்’ அமைப்பை அணைத்துப் பார்த்தேன். சாவி கேட்கும் அதே நீலத் திரை. மூன்று நாள் போய்விட்டது.

செக்யூர் பூட்டை மீண்டும் போட்டபின், எஃப்12 அழுத்தி ஃபர்ம்வேர் (லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள்) மெனுவிலிருந்தே விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தேன். சாவி கேட்கவேயில்லை! அப்பாடா என்றிருந்தது.

சூட்சுமம் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பில் இருக்கிறது. பூட் ஆகும்போது ஓடும் நிரல்களுக்கு எந்தச் சான்றிதழ் அனுமதி தந்தது என்பது அதில் பிசிஆர் 7 என்ற பதிவேட்டில் ஏறுகிறது. அந்த மதிப்பு பழையபடியே இருந்தால்தான் பிட்லாக்கருக்குச் சாவி கிடைக்கும். விண்டோஸுக்கு முன்னால் ஷிம்மும் (கிரப்பை ஏற்றும் சிறு நிரல்) கிரப்பும் ஓடினால் மதிப்பு மாறிவிடும். செக்யூர் பூட்டை அணைத்தாலும் மாறும். நான் நாள்களைத் தொலைத்தது இங்கேதான்.

இப்போது உபுண்டுவிலேயே பூட்நெக்ஸ்ட் அமைப்பில், அடுத்த ஒரு தடவைக்கு மட்டும் விண்டோஸ் என்று குறித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்கிறேன். கிரப் இடையில் வருவதில்லை. மீட்புச் சாவியைத் தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன். பயாஸ் (ஃபர்ம்வேர்) அப்டேட்டுக்குப் பிறகு தேவைப்படலாம்.