மண்ணைக் குறை சொல்லும் முன்: டிரைக்கோடெர்மா பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கின் பாலிக் புலாவ் டுரியான் தோப்பு ஒன்றில் மண் எடுத்து வந்து, பயிர் நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் மண் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவைத் தேடிய முதல் வாரம், எனக்குக் கிடைத்தது எதுவும் முளைக்காத பத்து வளர்ப்புத் தட்டுகள். 'மருந்து அடித்த தோப்பு, பூஞ்சை செத்துப்போயிருக்கும்' என்று காரணமும் நானே சொல்லிக்கொண்டேன். மண் மேல் ஒரு தப்பும் இல்லை. ஊற்றிய தட்டுகளை ஜன்னலோர மேசையில் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன்.

தட்டில் ஊற்றும் மீடியாவுக்கு (பூஞ்சை வளரும் சத்துக்கூழ்) இளஞ்சிவப்பு நிறம் தரும் ரோஸ் பெங்கால் சாயத்துக்கு இரண்டு வேலை. ரைசோபஸ் மாதிரி ஓட்டக்காரப் பூஞ்சைகள் தட்டு முழுக்கப் படராமல் கட்டிப்போடும். பாக்டீரியாவையும் ஓரளவு அடக்கும். ஆனால் வெளிச்சம் பட்டால் அது சுற்றியுள்ள ஆக்ஸிஜனை வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. பிறகு அந்த மீடியா நாம் தேடும் பூஞ்சைக்கும் நஞ்சுதான். கண்ணுக்குத் தட்டு நன்றாகவே இருக்கும், அதுதான் வம்பு. பினாங்கு வெயிலுக்கு இரண்டு நாள் தாராளம். இப்போதெல்லாம் தட்டு இறுகியதும் அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். பூஞ்சை வளரவிடும் நாட்களிலும் இருட்டுதான்.

பலரும் பின்பற்றும் டிரைக்கோடெர்மா மீடியா 1981இல் எலாட், செட், ஹெனிஸ் மூவரும் வெளியிட்டது. லிட்டருக்குக் குளுக்கோஸ் 3 கிராம், பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்ஃபெனிக்கால் 0.25 கிராம், ரோஸ் பெங்கால் 0.15 கிராம், கூடவே குயின்டோசீன், ஃபெனாமினோசல்ஃப் என்று இரண்டு பூஞ்சைக்கொல்லிகள். குளோராம்ஃபெனிக்கால் 121 டிகிரி ஆட்டோகிளேவையும் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்) தாங்கும். அது தீர்ந்துபோய் ஸ்ட்ரெப்டோமைசினை எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: அது சூடு தாங்காது. தனியாக வடிகட்டி வைத்து, மீடியா 50 டிகிரி அளவுக்கு ஆறியபின் கலக்க வேண்டும். லாக்டிக் அமிலத்தால் புளிப்பாக்குகிறவர்களுக்கும் அதே விதி. ஆட்டோகிளேவுக்கு முன்பே அமிலத்தை ஊற்றினால் அகார் இறுகாது, கஞ்சிதான் மிஞ்சும்.

ஃபெனாமினோசல்ஃப், பூஞ்சை போன்ற நோய்க்கிருமிகளான பித்தியம், ஃபைடோப்தோரா வகைகளைத் தடுக்க. டுரியான் மண்ணில் ஃபைடோப்தோரா பால்மிவோரா இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதை விட முடியாது. (அதுவும் வெளிச்சத்தில் சிதையும். தட்டை மூடி வைக்க இன்னொரு காரணம்.) அது கிடைக்காதபோது மெட்டலாக்சில் போடலாம், அதுவும் அந்த வகைகளைத்தான் குறிவைக்கிறது. ஆனால் 'பூஞ்சைக்கொல்லிதானே' என்று அலமாரியில் இருக்கும் கார்பென்டசிமைக் கலந்துவிடாதீர்கள். மிகக் குறைந்த அளவிலேயே டிரைக்கோடெர்மாவை முடக்கும் மருந்து அது. மாற்று எதுவானாலும், ஏற்கெனவே அடையாளம் தெரிந்த டிரைக்கோடெர்மா ஒன்றை அதே தொகுதியில் ஊற்றிய ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள். அதுவே வளரவில்லையென்றால் மண்ணைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இந்த ஒரு தட்டு அன்று என்னிடம் இருந்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மண் விஷயத்தில் சுருக்கமாக: மண் பையை இறுகக் கட்டி வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் போடாதீர்கள். 10 கிராம் மண்ணை 90 மில்லி நுண்ணுயிர் நீக்கிய நீரில் கலக்கி, ஒரே நீர்த்த அளவை நம்பாமல், மேலும் நீர்த்த இரண்டு மூன்று அளவுகளையும் தட்டில் போடுங்கள்.

சரி, தட்டு பச்சையாகிவிட்டது. பச்சையெல்லாம் டிரைக்கோடெர்மா இல்லை. பெனிசிலியமும் பச்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸும் மஞ்சள் கலந்த பச்சை. சில டிரைக்கோடெர்மா இனங்களிடம் தேங்காய் வாசனை வருவது உண்மை. அதற்காக மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது கெட்ட பழக்கம். மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: பெனிசிலியம் துடைப்பம் மாதிரி, வித்துகள் மணிமாலையாகக் கோத்து நிற்கும், ஆஸ்பர்ஜில்லஸுக்கு உப்பிய தலை, டிரைக்கோடெர்மாவில் குட்டிக் கூஜா வடிவக் கிளைகளின் நுனியில் வித்துகள் கொத்தாக ஒட்டியிருக்கும்.

அப்புறம், அழகாகத் தனித்து நிற்கும் காலனியை அப்படியே சேமிப்புக் குழாய்க்கு மாற்றுவதும் தவறு. குளோராம்ஃபெனிக்கால் பல பாக்டீரியாக்களைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்தி மட்டும் வைக்கிறது. காலனியின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, மருந்து எதுவும் கலக்காத உருளைக்கிழங்கு அகாரில் வையுங்கள். ஒளிந்திருந்த பாக்டீரியா பெரும்பாலும் இரண்டு நாளில் துண்டைச் சுற்றிப் பளபளவென்று கசியும்.