தோவாளை பூக்கடைக் கணக்கும் உங்கள் முதல் இஜேபியும்

எண்டர்பிரைஸ் சாஃப்ட்வேர் என்றதும் வங்கி, விமான டிக்கெட் என்று நினைத்து மலைக்க வேண்டாம். தோவாளை பூச்சந்தைக்கு விடியற்காலையில் ஒருநாள் போய் நின்று பாருங்கள். ஒரே கமிஷன் கடை, ஒரே குவியல் பிச்சி. அதை நாலு வியாபாரிகள் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். இருப்பு குறைய வேண்டும், வியாபாரி பற்று ஏற வேண்டும், விவசாயி கணக்கில் வரவு விழ வேண்டும். மூன்றும் நடக்கணும், இல்லாவிட்டால் ஒன்றுகூட நடக்கக் கூடாது. நாம் பழகப் போவது இதைத்தான்.

ஜாவாவில் இதற்கென்று 1998-ல் வந்தது எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ், சுருக்கமாக இஜேபி. ஆரம்பத்தில் ஒரு சின்ன பீன் (சர்வருக்குள் இருந்து வேலை செய்யும் ஜாவா கிளாஸ்) எழுதவே இரண்டு இன்டர்ஃபேஸ், அதற்கு மேல் ஒரு எக்ஸ்எம்எல் என்று உயிரை வாங்கும். 2006-ல் வந்த இஜேபி 3 அதையெல்லாம் ஒற்றை அனோட்டேஷனாக, அதாவது கிளாஸின் தலையில் போடும் சின்னக் குறிப்பாக, சுருக்கிவிட்டது. இப்போது எக்லிப்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கும் ஜகார்த்தா இஇ என்ற தொகுப்பின் ஒரு பகுதியாக இருக்கிறது.

படி 1: சர்வர்

ஜேடிகே (ஜாவா கம்பைலர் உள்ள தொகுப்பு) 17 அல்லது 21, மேவன் (ப்ராஜெக்டைக் கட்டித்தரும் கருவி), வைல்ட்ஃபிளை (இஜேபியை ஓட்டும் சர்வர்) ஜிப் மூன்றையும் இறக்குங்கள். ஜிப்பைப் பிரித்து, ‘பின்’ என்ற பெயருள்ள ஃபோல்டரில் இருக்கும் ஸ்டாண்டலோன் ஸ்கிரிப்டை ஓட்டினால் 8080 போர்ட்டில் வரவேற்புப் பக்கம் வரும். அவ்வளவுதான்.

படி 2: மேவன் ப்ராஜெக்ட்

பேக்கேஜிங் ‘வார்’ என்று கொடுங்கள். டிபென்டன்சி ஒன்றே போதும்: ஜகார்த்தா இஇ ஏபிஐ, 10.0.0. அதன் ஸ்கோப் ‘ப்ரொவைடட்’. சர்வரிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று அர்த்தம். பழைய பாடங்களில் இம்போர்ட் வரி ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும். 2020-ல் வந்த ஜகார்த்தா இஇ 9 முதல் அது ‘ஜகார்த்தா’ ஆகிவிட்டது. பேக்கேஜ் இல்லை என்று கம்பைலர் கத்தினால் முதலில் அங்கே பாருங்கள்.

படி 3: என்டிட்டி

என்டிட்டி என்றால் டேட்டாபேஸ் டேபிளுக்கு ஈடான கிளாஸ். ‘சரக்கு’ என்று ஒன்று: ஐடி, பூவின் பெயர், கிலோ. மேலே என்டிட்டி அனோட்டேஷன். கிலோவுக்கு டபுள் வேண்டாம், பிக்டெசிமல் போடுங்கள். (ஜாவாவில் கிளாஸ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். யூஆர்எல்லில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.) இதேபோல ‘வியாபாரி’, ‘விற்பனை’. பெர்சிஸ்டன்ஸ் எக்ஸ்எம்எல் என்ற அமைப்பு ஃபைலில் டேட்டாசோர்ஸ் (எந்த டேட்டாபேஸ் என்ற விவரம்) எதுவும் குறிக்காவிட்டால் வைல்ட்ஃபிளையோடு வரும் எச்2 டேட்டாபேஸே போதும். அது மெமரியில் இருப்பது, சர்வரை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். பழகுவதற்கு அதுவே நல்லது.

படி 4: பீன்

‘விற்பனைசேவை’ என்று ஒரு கிளாஸ், தலையில் ஸ்டேட்லெஸ் அனோட்டேஷன். உள்ளே என்டிட்டி மேனேஜரை (டேட்டாபேஸில் எடுத்து வைப்பவர்) பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்ட் அனோட்டேஷன் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘விற்றுவிடு’ மெதடில் நாலே வேலை: சரக்கை எடு, கிலோவைக் குறை, வியாபாரியின் பற்றை ஏற்று, விற்பனை டேபிளில் ஒரு வரிசையை (ரோ) சேர். விவசாயி வரவை இன்றைக்கு விட்டுவிடுவோம். சரக்கை எடுக்கும்போது பெஸிமிஸ்டிக் ரைட் லாக் என்ற பூட்டைக் கேளுங்கள். அப்போது ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் அந்தச் சரக்கின் ரோவுக்காகக் காத்து நிற்பார்.

கமிட் (மாற்றத்தை நிலைநிறுத்துவது) எங்கே, ரோல்பேக் (எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவது) எங்கே என்று கேட்பீர்கள். எழுத வேண்டாம். பீனைச் சுற்றியிருக்கும் கன்டெய்னரைக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதடுக்குள் நுழையும்போது டிரான்சாக்ஷனை, அதாவது ‘எல்லாம் நடக்கணும், இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம்’ என்ற அந்தக் கட்டைத் திறப்பார், வெளியே வரும்போது மூடுவார். ஸ்டேட்ஃபுல், சிங்கிள்டன், மெசேஜ் டிரிவன் என்று வேறு வகைகளும் உண்டு. இன்றைக்கு அவற்றைத் தொடாதீர்கள்.

படி 5: வாசல்

ஜாக்ஸ்-ஆர்எஸ் கிளாஸ் (வெளியிலிருந்து வரும் வெப் கோரிக்கையை வாங்குவது) ஒன்று எழுதி, பீனை இன்ஜெக்ட் செய்து (சர்வரே கொண்டுவந்து தரும்படி கேட்டு), போஸ்ட் மெதடில் கூப்பிடுங்கள். மேவனில் பேக்கேஜ் செய்து, வார் ஃபைலை ஸ்டாண்டலோனுக்குள் இருக்கும் டிப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால், பக்கத்தில் ‘டிப்ளாய்ட்’ என்று முடியும் குட்டி ஃபைல் முளைக்கும். ‘ஃபெயில்ட்’ என்று முளைத்தால் அதையே திறந்து படியுங்கள், காரணம் உள்ளேயே இருக்கும்.

படி 6: நான் சறுக்கிய இடம்

ஒரு கமிஷன் கடைக்கு இதை எழுதிக் கொடுத்த புதிதில், ஓண நெருக்கடியில் அதிகாலையில் போன் வந்தது. “டே மக்கா, சாக்குல பன்னிரண்டு கிலோ பிச்சி கண்ணு முன்னால இருக்கு. ஸ்கிரீன்ல இல்லங்குது. யாருக்குடே வித்தே?”

யாருக்கும் விற்கவில்லை. கிலோவைக் குறைத்த பிறகுதான் வியாபாரியின் கடன் வரம்பைப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். வரம்பு தாண்டினால் ‘கடன்மீறல்’ எக்ஸப்ஷன் எறியும். அதை எக்ஸப்ஷன் கிளாஸிலிருந்து நேராக நீட்டியிருந்தேன், அதாவது செக்டு எக்ஸப்ஷன், கையாளச் சொல்லி கம்பைலரே கட்டாயப்படுத்தும் வகை. இஜேபி விதிப்படி கணக்கப்பிள்ளை ரன்டைம் எக்ஸப்ஷனுக்குத்தான் தானாக ரோல்பேக் செய்வார். செக்டு என்றால் ‘இது வியாபாரப் பேச்சு, கோளாறு இல்லை’ என்று கமிட் செய்துவிடுவார். பற்று ஏறவில்லை, விற்பனை வரிசை இல்லை, கிலோ மட்டும் குறைந்துபோனது.

சரிசெய்ய, அந்த எக்ஸப்ஷன் கிளாஸின் மேல் அப்ளிகேஷன் எக்ஸப்ஷன் அனோட்டேஷன் போட்டு, ரோல்பேக் ட்ரூ என்று கொடுக்க வேண்டும். ஒரே வரி. வரம்பைச் சரிபார்ப்பதையும் முன்னால் தள்ளிவிட்டேன், அது வேறு விஷயம்.

இன்னொன்று. ஒரே பீனுக்குள் ஒரு மெதட் இன்னொரு மெதடை நேராகக் கூப்பிட்டால், அந்த இரண்டாவது மெதடின் மேல் ‘ரிக்வயர்ஸ் நியூ’ என்று போட்டிருந்தாலும் புது டிரான்சாக்ஷன் திறக்காது. கடைக்குள்ளேயே ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சரக்கு போனால் வாசலில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த மெதடைத் தனி பீனுக்கு மாற்றி இன்ஜெக்ட் செய்யுங்கள்.

இப்போது சோதியுங்கள். சரக்கில் 12 கிலோ வையுங்கள். வரம்பைச் சரிபார்ப்பதை, என் பழைய பிழைப்படியே, கிலோவைக் குறைத்த பிறகு வையுங்கள். வரம்பு தாண்டிய வியாபாரியின் பெயரில் 5 கிலோ கேளுங்கள். அனோட்டேஷன் இல்லாமல் ஒருமுறை: இருப்பு 7. சர்வரை நிறுத்தி, அனோட்டேஷன் போட்டு, திரும்ப 12 வைத்து மறுமுறை: பிழை வரும், இருப்பு 12-லேயே நிற்கும்.