நடந்து வந்த கையோடு பிரஷர் பார்க்காதீர்கள்
புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்ததும், காந்தி சிலை பக்கம் பிரஷர் பார்க்கும் முகாம் போட்டிருந்தால் நேராகப் போய்க் கையை நீட்டுகிறோம். அந்த அளவை நம்ப முடியாது. நடை, காபி, சிகரெட் எதுவானாலும் அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். (முகாம்களில் ஸ்டூல் போடுவதே தப்பு.) பட்டையைச் சட்டைமேல் சுற்றக் கூடாது, முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே, வெறும் கையில் சுற்றி, கையை இதய உயரத்தில் மேசைமேல் வையுங்கள். கையைத் தொங்கவிட்டால் அளவு கூடிக் காட்டும். 1 நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். 140/90 தொட்டால் வேறொரு நாளும் பார்த்து, இரண்டையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் அளவே பார்க்க வேண்டாம், உடனே 108.