ஓடைக்கு ஆதார் கிடையாது, ஆனாலும் மனு எழுதலாம்

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிறது. அதில் கட்டடக் கழிவைக் கொட்ட ஆரம்பித்தபோது நான் எழுதிய முதல் மனுவில் கொசு, நாற்றம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று எல்லாமே எங்களைப் பற்றித்தான் இருந்தது. மனு ஜெயித்தது, அதுதான் வினை. அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் போட்டு, மேலே சிலாப் மூடி, ஓடையைச் சாக்கடையாக்கிக் கொடுத்துவிட்டார்கள். கொசு குறைந்தது நிஜம். நண்டு வளை, கோரை, கோரைமேல் வந்து உட்காரும் மீன்கொத்தி எல்லாம் அதோடு போயிற்று. தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் அடுத்த கோடையில் பக்கத்து வீட்டுக் கிணறும் வற்றியது.

அதனால் முதல் விஷயம், மனுவில் பாதிக்கப்பட்டவர் ஓடை என்று எழுதுங்கள். மூடாமல் விட்ட மேல்பகுதிக்காக இரண்டாம் முறை நான் அப்படி எழுதிக்கொண்டு போனபோது, வாங்கிப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே "ஓடைக்கு ஆதார் இருக்கா சார்?" என்றார். கோயில் நிலத்தின் பட்டா சாமி பேரில்தானே இருக்கு, சாமிக்கு ஆதார் கேட்டோமா என்றேன். விதண்டாவாதம் இல்லை, நம் சட்டத்தில் கோயில் மூர்த்தி ஒரு சட்ட நபர், மைனர் மாதிரி, அவருக்காக வேறொருவர் வழக்காடலாம். மேகமலைப் பக்கம் அரசு வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்தில், 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஸ்ரீமதி இயற்கை அன்னையையே உரிமைகள் உள்ள உயிருள்ள நபராக அறிவித்தார். இதை மனுவில் ஒரு வரி சேருங்கள். ஆனால் இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்: 2017இல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட நபர் என்றது, அதே வருடம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பலமான துணைக்கு உச்ச நீதிமன்றத்தின் 1996 கமல்நாத் வழக்கு இருக்கிறது. ஒரு ஹோட்டலைக் காப்பாற்ற பியாஸ் ஆற்றையே திருப்பிவிட்ட கதை அது, நீர்நிலைகளுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்று அதில் தீர்ப்பு வந்தது.

எழுதுவதற்கு முன் ஓடையைப் போய்ப் பாருங்கள், ஒரு தடவை போதாது. எந்த மாசம் தண்ணீர் வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த ஏரிக்குப் போய்ச் சேருகிறது, என்னென்ன பறவை, மீன், செடி இருக்கிறது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே இடத்தில் நின்று படம் எடுத்தால்தான் ஐப்பசிக்கும் சித்திரைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

அப்புறம் காகிதம். அரசின் இணையதளத்தில் அ-பதிவேட்டில் (எந்த நிலம் என்ன வகை, யார் பேரில் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புல எண்ணை, அதாவது சர்வே நம்பரைப் போட்டு, அது ஓடைப் புறம்போக்கா, அதாவது ஓடைக்கென்று உள்ள அரசு நிலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்புக்கு ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்களா என்று தெரிய, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

கோரிக்கை எழுதும் இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். "சுத்தம் செய்து தரவும்" என்று எழுதினால் ஜேசிபி வந்து கோரையோடு சேர்த்து வழித்துவிட்டுப் போகும். இப்படி எழுதுங்கள்: ஓடையின் முழு அகலத்தையும் அளந்து கல் நட வேண்டும், அடித்தளம் மண்ணாகவே இருக்க வேண்டும், கழிவுநீர்க் குழாய்களைத் துண்டிக்க வேண்டும், மலைத் தண்ணீர் ஏரிவரை தடையில்லாமல் போக வேண்டும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்காமல் நகராதீர்கள். ஊராட்சி என்றால் மார்ச் 22, உலகத் தண்ணீர் தின கிராம சபையில் தீர்மானமாகவே போடச் சொல்லுங்கள். எதுவும் நடக்கவில்லையா, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாசம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான் அவகாசம். ஓடையில் மூடிப்போன பகுதியை நான் அப்படித்தான் கோட்டை விட்டேன்.

ஓடை இறங்கி வரும் அந்த மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒன்று: எஸ்டேட்டில் மரம் சாய்வதைப் பார்த்தால், 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கிய அனுமதியின் நகலைக் கேளுங்கள். சில்வர் ஓக் என்று சொல்லிக்கொண்டு எதை எதையோ வெட்டுவார்கள்.

எங்கள் ஓடையில் மூடாத மேல்பகுதி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதற்குத்தான் இரண்டாவது மனு. சர்வேயர் வருகிற அன்றைக்கு லீவு போட்டாவது கூடவே நில்லுங்கள். கல் நட்டதும் பக்கத்து மின்கம்பமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் சர்வே கல்லுக்கு ராத்திரியில் கால் முளைக்கும்.